கேட்கப்படாத சாட்சியம்: சிறுவர் மீதான பாலியற் சுரண்டலும் மனவடு என்னும் எண்ணக்கருவின் வரலாறும்

'மனவடு' என்பது தமிழ் உளவியற் கலைச்சொற்களுள் அண்மைக்கால வழக்காகும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993 இல் வெளியிட்ட நூலுக்கு இச்சொல்லையே தலைப்பாக இட்டார். போர்க்காலத்தில் அது நிலைபெற்று இன்று பொதுவழக்காகிவிட்டது. புண் ஆறிய பின்னரும் எஞ்சி நிற்பதே வடு. நெருப்பினால் உண்டாகும் காயத்தையும் கடுஞ்சொல்லினால் உண்டாகும் வடுவையும் வள்ளுவர் வேறுபடுத்திக் காட்டியமை தமிழ் வாசகர் யாவரும் அறிந்ததே. பாலியற் சுரண்டலுக்குள்ளான பிள்ளைகளின் உளநிலை பற்றிய மருத்துவ வரலாற்றை ஆராயப் புகும் ஒருவர் அவ்வேறுபாட்டினைப் பிறிதொரு வழியில் மீண்டும் எதிர்கொள்கின்றார். பிள்ளைக்கு இழைக்கப்படும் செயல் ஏற்படுத்தும் காயம் ஒன்று. அதனைப் பிள்ளை எடுத்துச் சொல்லும்போது கேட்டவர் கூறும் மறுமொழி ஏற்படுத்தும் வடு மற்றொன்று. முதலாவதனைப் பற்றி மருத்துவர் எழுதியவை பல. இரண்டாவதற்கு ஒரு சமூக வரலாறு உண்டென்பதும், அவ்வரலாறு வர்க்கம், சொத்து, குடும்பம் ஆகியவற்றின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாததென்பதும் அத்துணை விரிவாகப் பேசப்படவில்லை. அதன் சில கட்டங்களை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

நாம் மருத்துவர் அல்லர். இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையில் நுழைவதற்கு ஒரு நியாயமுண்டு. இவ்வரலாற்றின் மூலாதாரங்கள் நோயாளர் சரிதங்களும், கடிதங்களும், அவற்றின் பதிப்புகளுமேயாகும். யார் பேசுகின்றார், யாருடைய பேச்சு எவ்வாறு திருத்தப்பட்டது, எவ்வரி பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது என்பன பாடபேத ஆய்வுக்குப் பழகியவர் கேட்கும் வினாக்கள்தாம்.

பாரிசிலிருந்து தொடங்குவோம். அந்நகரில் சட்டமருத்துவப் பேராசிரியராக விளங்கிய அம்புறுவாஸ் தார்தியு, பாலியற் குற்றங்கள் பற்றிய தமது ஆய்வினை 1857 இல் வெளியிட்டார். 1860 இல் பிள்ளைகள் மீது பெற்றோரும் எசமானரும் ஆசிரியரும் இழைத்த கொடுமைகள் பற்றி 32 சம்பவங்களை ஆதாரமாகக் கொண்டு மற்றொரு கட்டுரை எழுதினார். 1858 முதல் 1869 வரையான காலத்தில் பிரான்சில் வன்புணர்வு அல்லது அதற்கான முயற்சி தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டோர் 11,576 பேர் என்றும், அவர்களுள் 9,125 பேர் மீதான குற்றச்சாட்டுகள் சிறுவர் தொடர்பானவை என்றும் அவர் தரும் கணக்கு இன்று வாசிப்போரையும் அதிரச்செய்வது. பிணவறையிலும் பரிசோதனை மேசையிலும் கண்டவற்றை அவர் மறைக்காது எழுதினார். ஆயினும் அவர் கண்டது உடலையே. பிள்ளையின் சோர்வையும் அச்சத்தையும் அவர் குறிப்பிடுகின்றாரெனினும், அவை காயத்தின் பக்கவிளைவுகளாக மட்டுமே தோன்றுகின்றன.

தார்தியுவின் நூல்கள் பரவலாக வாசிக்கப்பட்டன. அவர் 1879 இல் இறந்த பின்னர் வீசிய காற்றோ வேறு திசையிலிருந்து வந்தது. அவருடைய இடத்துக்கு வந்த போல் புறூவாதெல், பிள்ளைகளின் முறைப்பாடுகளைப் பெரிதும் ஐயத்துடன் நோக்கவேண்டுமெனப் போதித்தார். அல்பிரட் பூர்னியே 1880 இல் பிரெஞ்சு மருத்துவக் கழகத்தில் நிகழ்த்திய உரையின் பொருளே போலியான பாலியற் தாக்குதல்கள் பற்றியதுதான். இம்மருத்துவர்கள் விரும்பியெடுத்துக் கூறிய கதைக்கு ஒரு நிலையான அமைப்பு உண்டு: கௌரவமான கனவான் ஒருவர், ஏழைத்தாய் ஒருத்தி, தாய் சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளைபோல ஒப்புவிக்கும் சிறுமி, இறுதியில் பணம். பொய் முறைப்பாடு என்பது எக்காலத்தும் நிகழக்கூடியதொன்றே. ஆனால் தார்தியுவின் 9,125 இன் எதிரில் இக்கதை விதியாக நிறுத்தப்பட்டமை தற்செயலானதன்று. 1871 இல் கம்யூனை இரத்தத்தில் மூழ்கடித்த வர்க்கம், தெருவிலிருந்து எழும் எந்தக் குற்றச்சாட்டையும் பணப்பறிப்பாகவே கேட்கப் பழகிவிட்டிருந்தது.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமை மனங்கொளத்தக்கது. அதே தசாப்தங்களில் மற்றொரு பகுதியினரும் பொய்யர் எனப் பட்டஞ் சூட்டப்பட்டனர். புகையிரத விபத்துக்களில் எலும்பு முறியாது தப்பியோர் பின்னர் நடுக்கமும் துயிலின்மையும் உற்றமையை ஆங்கிலேய அறுவைமருத்துவர் எரிக்சன் 1866 இல் பதிவு செய்தார். ஜேர்மனியில் 1884 இன் விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்ததும் தொழிலாளர் இழப்பீடு கேட்கத் தொடங்கினர். பேர்லின் நரம்பியலாளர் ஹேர்மன் ஒப்பென்ஹைம் 1889 இல் இத்தகையோரின் துன்பத்தை ஒரு நோயாக வரையறுத்தார். உடனே எதிர்ப்பெழுந்தது. தொழிலாளர் ஓய்வூதியத்துக்காக நடிக்கின்றனர் என்றனர் அவருடைய சகமருத்துவர். 1916 இல் மியூனிக் மாநாட்டில் ஒப்பென்ஹைம் தோற்கடிக்கப்பட்டார். 1926 இல் ஜேர்மன் காப்புறுதி மன்றம் இந்நோய்க்கு இழப்பீடு இல்லையென முடிவுகட்டியது. காயத்தைக் குறிக்கும் கிரேக்கச்சொல் உடலிலிருந்து உள்ளத்துக்கு இடம்பெயர்ந்த அதே வேளையில், அதனைச் சொல்லித் துன்பப்பட்ட தொழிலாளியும் பிள்ளையும் ஒரே குற்றச்சாட்டுக்கு ஆளாயினர். மனவடு என்னும் எண்ணக்கரு தோன்றும்போதே யாருடைய சொல் செல்லும் என்னும் வழக்கும் உடன்தோன்றிவிட்டது.

இங்கிலாந்தின் கதை நன்கு அறியப்பட்டது; சுருக்கமாகக் கூறலாம். 1885 யூலையில் பத்திரிகையாளர் டபிள்யூ. ரி. ஸ்ரெட், லண்டனில் சிறுமியர் விற்கப்படுவதை நிரூபிப்பதற்காக 13 வயதுச் சிறுமியொருத்தியை 5 பவுணுக்கு 'வாங்கி'த் தமது பத்திரிகையில் எழுதினார். அவ்வாண்டிலேயே சம்மத வயது 13 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஸ்ரெட் மூன்று மாதம் சிறையிருந்தார். சீர்திருத்தவாதிகள் அவரைத் தியாகியாகப் போற்றினர். அச்சிறுமி எதுவும் விளக்கப்படாமலே வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, அந்நிய அறையொன்றில் அச்சத்தாற் கூவியமை பற்றி அக்காலத்தவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அறச்சீற்றம் எப்பொழுதும் பராமரிப்பு ஆகிவிடுவதில்லை.

1885 ஒக்ரோபரில் வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர், சார்க்கோவின் விரிவுரைகளுடன் புறூவாதெலின் பிணவறைச் செயல்விளக்கங்களுக்கும் சென்றார். அவரே சிக்மண்ட் பிராய்ட். 1896 ஏப்பிரல் 21 அன்று வியன்னாவின் உளமருத்துவ, நரம்பியற் சங்கத்தில் அவர் நிகழ்த்திய உரை இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். ஹிஸ்ரீரியா எனப்பட்ட நோயின் வேர், பிள்ளைப்பருவத்தில் நேர்ந்த பாலியல் அனுபவத்தில் உள்ளதென்று 18 நோயாளரை ஆதாரமாகக் காட்டி அவர் வாதிட்டார். தலைமை தாங்கிய கிறாப்ற்-எபிங் அதனை விஞ்ஞானத் தேவதைக்கதை என ஒதுக்கியதாக பிராய்ட் தம் நண்பர் வில்ஹெல்ம் பிளீசுக்கு எழுதினார். பதினேழு மாதங்களின் பின், 1897 செப்ரெம்பர் 21 கடிதத்தில், தாமே அக்கொள்கையை நம்பவில்லையென அறிவித்தார். நோயாளர் கூறியவை நிகழ்ச்சிகள் அல்ல, ஆசையின் கற்பனைகள் என்னும் நிலைப்பாட்டை நோக்கி அவர் நகர்ந்தார். உளப்பகுப்பாய்வு என்னும் துறை அந்நகர்விலேயே கட்டியெழுப்பப்பட்டது.

கைவிட்டமைக்குக் கடிதம் கூறும் காரணங்களுள் ஒன்று, ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் தந்தையையே, தம் தந்தையையும் விலக்காது, குற்றஞ்சாட்ட வேண்டியிருந்தமை. பிராய்டின் தந்தையைச் சுட்டும் தொடர் 1950 இல் வெளிவந்த முதற்பதிப்பில் இல்லை. கடிதங்கள் முழுமையாக அச்சேறியது 1985 இலேயே. இன்னொரு பாடபேதமும் உண்டு. 1895 இல் வெளிவந்த நூலில் பிராய்ட் மலைவிடுதியொன்றின் இளம்பெண் பற்றி எழுதுகின்றார். ஏறக்குறைய பதினெட்டு வயதினளான அவள், மூச்சுத்திணறலின் காரணத்தைத் தேடி, மலையேறி வந்த இவ்வைத்தியரிடம் ஒரே உரையாடலில் தன் கதையைச் சொல்லிவிடுகின்றாள். குற்றவாளி மாமன் என்கிறது நூல். 1924 இன் அடிக்குறிப்பில் பிராய்ட் உண்மையை ஒப்புக்கொண்டார்: அவன் மாமன் அல்லன், தந்தை. 1896 இன் வெளியீடுகளில் அவர் பெயர்சுட்டிய குற்றவாளிகளோ பணிப்பெண்கள், தாதியர், வீட்டாசிரியர், நெருங்கிய உறவினர். தந்தையர் கடிதங்களில் மட்டுமே தோன்றுகின்றனர். பூர்ஷ்வாக் குடும்பத்தின் முன்வாசல் மூடப்பட்டிருந்தபோது குற்றம் வேலைக்காரர் நுழையும் பின்வாசலாலேயே உள்ளே வந்ததாகக் காட்டப்பட்டது.

1984 இல் ஜெப்றி மாசன் வெளியிட்ட நூல், பிராய்ட் துணிவின்மையால் உண்மையைக் கைவிட்டார் எனக் குற்றஞ்சாட்டியது. நாமும் முதலில் அதனை அவ்வாறே ஏற்றுக்கொண்டோம். பிற்கால ஆய்வாளர் சிலரின் மறுப்புகளை வாசித்த பின்னர் விடயம் அத்துணை எளிதன்று எனத் தோன்றுகின்றது. 1896 இன் உரைகளைக் கவனமாகப் படிப்பின், நோயாளர் பலர் தாமாக எதனையும் கூறவில்லை என்பதும், பிராய்டே ஊகித்து, வற்புறுத்தி, அவர்கள் மறுத்தபோது அம்மறுப்பையே சான்றாகக் கொண்டார் என்பதும் புலனாகின்றன. அங்ஙனமாயின் 1896 இல் நம்பியவரும் 1897 இல் நம்பாதவரும் ஒரே பிழையின் இரு முகங்களாவர். இரு நிலையிலும் மருத்துவருக்கு விடை முன்கூட்டியே தெரிந்திருந்தது. நம்புதல் வேறு, கேட்டல் வேறு.

கேளாமையின் விளைவைக் காண்பதற்கு 1905 இல் அச்சான 'டோரா' சரிதத்தை விட வேறு ஆவணம் வேண்டியதில்லை. டோரா எனப் பெயரிடப்பட்டவர் இடா பவர். பிறந்தது 1882 இல். தந்தை பொஹீமியாவில் ஆலைகள் வைத்திருந்த நெசவுத்தொழிலதிபர். குடும்ப நண்பரான கே. என்பவர், இடா பதினான்கு வயதினளாய் இருந்தபோது தம் கடையில் அவளைத் தனிமையில் இருக்கச்செய்து அணைத்து முத்தமிட்டார். பதினாறில் ஏரிக்கரையொன்றில் அவளை நெருங்கினார். அவள் அவர் முகத்தில் அறைந்தாள். நிகழ்ந்ததை அவள் தாயிடம் கூற, தாய் தந்தையிடம் கூற, தந்தை கே.யிடம் கேட்க, கே. மறுத்தார். காதல் பற்றிய நூல்களை வாசித்துக் கெட்ட பெண்ணின் கற்பனை என்றார். தந்தை அதனை ஏற்றார். ஏற்பதற்கு அவருக்குக் காரணமிருந்தது: கே.யின் மனைவியுடன் அவருக்குத் தொடர்பிருந்தது. அத்தொடர்பைக் கணவன் பொறுத்துக்கொள்வதற்கான விலையாகத் தான் கையளிக்கப்பட்டதாக இடா உணர்ந்தாள். இருமலும் குரலடைப்பும் அவளைப் பற்றின. தற்கொலை எண்ணம் வெளிப்பட்ட கடிதமொன்று கண்டெடுக்கப்பட்ட பின், 1900 ஒக்ரோபரில், அவளைச் சரிப்படுத்துமாறு தந்தை பிராய்டிடம் ஒப்படைத்தார்.

பண்டமாற்றின் தருக்கத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் நாவல் அக்கால ஐரோப்பிய இலக்கியத்தில் அரிது. பிராய்ட் நிகழ்ச்சிகளை மறுக்கவில்லை என்பதை நியாயத்தின் பொருட்டுச் சொல்லவேண்டும். அவள் பொய் கூறவில்லை என அவர் கண்டுகொண்டார். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை கொண்ட அருவருப்பை நோயின் அறிகுறி என்றார். உள்ளூர அவள் கே.யை விரும்பினாள் என்றார். டிசம்பர் 31 அன்று இடா சிகிச்சையை முறித்துக்கொண்டு சென்றுவிட்டாள். அடுத்த ஆண்டு கே. குடும்பத்தில் ஒரு பிள்ளை இறந்தபோது துக்கம் விசாரிக்கச் சென்ற அவள், கே.யின் மனைவியிடம் அத்தொடர்பு தனக்குத் தெரியுமெனக் கூறினாள், அவள் மறுக்கவில்லை. ஏரிக்கரையில் நிகழ்ந்ததைக் கே.யையும் ஒப்புக்கொள்ளச் செய்தாள். 1902 இல் தானே வந்து இதனைப் பிராய்டிடம் தெரிவித்தாள். வீட்டாரும் மருத்துவரும் செய்யாததைத் தனக்குத் தானே செய்துகொண்டாள்: தன் சாட்சியத்தை மெய்ப்பித்தாள்.

இச்சரிதத்தில் மார்க்சியவாதிகளாகிய நாம் விலகிச் செல்லமுடியாத ஒரு விவரமும் உண்டு. இடாவின் தமையனே ஓட்டோ பவர். ஒஸ்திரிய சமூக சனநாயகக் கட்சியின் தலைவர். தேசிய இனப்பிரச்சினை பற்றி அவர் 1907 இல் எழுதிய நூலையும், அதனை மறுத்து 1913 இல் ஸ்டாலின் எழுதியதையும் இந்நாட்டின் இடதுசாரிகள் தலைமுறை தலைமுறையாக விவாதித்து வந்துள்ளனர். அந்நூலாசிரியரின் வீட்டில், அவருடைய தங்கையின் மீது நடந்த இப்பேரம் பற்றி நம்முள் எத்தனைபேர் அறிந்திருந்தோம்? அறியாமை மன்னிக்கத்தக்கது. ஆனால் அறிந்தபின்னும் இது 'வீட்டு விடயம்', அது 'அரசியல் விடயம்' என வகுக்கும் பழக்கம் நம்மிடம் இன்றும் உண்டு. எங்கெல்ஸ் 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாளர் பற்றி எழுதியபோதே ஆலை முதலாளிக்குச் சிறுமியர் உடல்மீது இருந்த அதிகாரத்தைச் சுட்டினார். 1884 இல் குடும்பத்தின் தோற்றத்தைச் சொத்தின் தோற்றத்துடன் இணைத்தார். அவர் வழிவந்தோர் இதனை வறுமையின் விளைவென்று கூறி அமைந்தனர். வறுமை ஒழியின் இதுவும் ஒழியுமென்றனர். பவர் குடும்பத்தில் வறுமை இருக்கவில்லை.

1932 செப்ரெம்பரில் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் சாந்தோர் பெரென்சி வாசித்த கட்டுரையை நாம் இத்துறையின் மிகச்சிறந்த ஆவணமாகக் கருதுகின்றோம். ஹங்கேரியரான இவர் 1919 இல், குறுகியகாலமே நிலைத்த சோவியத் குடியரசின்போது, புடாபெஸ்ற் பல்கலைக்கழகத்தில் உளப்பகுப்பாய்வுப் பேராசிரியராக நியமிக்கப்பட்டவர். லூக்காச் கல்வி, பண்பாட்டுப் பொறுப்பில் இருந்த அரசு அது. எதிர்ப்புரட்சி வென்றதும் பதவி பறிபோயிற்று. நகரின் மருத்துவச் சங்கமும் அவரை நீக்கியது. பிராய்டின் நெருங்கிய சீடராய் இருந்த இவர், தம் நோயாளரின் அனுபவத்தால் 1897 இன் தீர்ப்பை மீளத் திறந்தார். மதிப்பும் ஒழுக்கமும் மிக்க குடும்பங்களிலும் பிள்ளைகள் எவரும் ஐயுறத் துணிவதை விட அதிகமாக இக்கொடுமைக்கு ஆளாகின்றனர் என்றார்.

அவருடைய விளக்கம் பின்வருமாறு அமைகின்றது. பிள்ளை பேசுவது வாஞ்சையின் மொழி. வளர்ந்தவன் அதனைத் தன் இச்சையின் மொழியாக எடுத்துக்கொள்கின்றான். தாக்கப்பட்ட பிள்ளை எதிர்க்கும் வலுவின்றித் திகைக்கின்றது. அச்சம் உச்சநிலை எய்தும்போது தாக்கியவனின் விருப்பத்தை ஊகித்து அதற்குத் தன்னை ஒப்புக்கொடுத்து அவனோடு ஒன்றிவிடுகின்றது. அவனுடைய குற்றவுணர்வையும் தன்னுள் ஏற்றுக்கொள்கின்றது. இதனாலேயே குற்றமற்ற பிள்ளை தன்னைக் குற்றவாளியாக எண்ணுகின்றது. தன் புலன்களின் சாட்சியத்தையே நம்பமுடியாமற் போகின்றது. தாயிடமோ பிறரிடமோ தயங்கித் தயங்கிச் சொல்ல முற்படும்போது அது பிதற்றல் எனத் தள்ளப்படின் பிளவு நிலைபெற்றுவிடுகின்றது. சில பிள்ளைகளிடத்து வயதுக்கு மீறிய முதிர்ச்சி தோன்றுவதைப் பெரென்சி, புழுவோ பறவையோ கொத்திய கனி முன்கூட்டியே பழுப்பதற்கு ஒப்பிட்டார். நம் ஊர்களிலும் 'பிஞ்சிலே பழுத்தது' என்னும் தொடர் வழக்கிலுண்டு. அவர் நோயின் அடையாளமாகக் கண்டதை நாம் வசையாகச் சொல்லிவருகின்றோம்.

மருத்துவரின் போலிப் பணிவும் குளிர்ந்த நடுநிலையும் பிள்ளைப்பருவத்து மறுப்பை மீண்டும் நிகழ்த்துவனவே என அவர் தம் துறையினரையும் சாடினார். கட்டுரையை வெளியிடவேண்டாம் எனப் பிராய்ட் கேட்டுக்கொண்டார். பெரென்சி 1933 மே 22 இல் இறந்தார். ஜேர்மன் மூலம் அவ்வாண்டு அச்சேறியதாயினும், ஆங்கிலப் பதிப்பை ஏனெஸ்ற் ஜோன்ஸ் திரும்பப்பெற்றார். அது வெளிவர 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருடைய மருத்துவ நாட்குறிப்பு அச்சுக்கு வந்ததும் 1985 இலேயே.

கீழைத்தேயத்தில் விவாதம் உளத்தைத் தொடவே இல்லை. 1890 இல் கல்கத்தாவில் நடந்த வழக்கில், ஏறக்குறைய 11 வயதினளான புல்மணி தாசி கணவனின் பலவந்தத்தால் இரத்தம் பெருகி இறந்தாள். அவள் 10 வயதைக் கடந்தவளாகையால் வன்புணர்வுக் குற்றம் பொருந்தாதெனப்பட்டது. கணவனுக்கு ஓராண்டுக் கடூழியம் கிடைத்தது. 1891 இன் சட்டம் வயதை 12 ஆக்கியபோது திலகர் உள்ளிட்டோர் அதனை அந்நியரின் தலையீடென எதிர்த்தனர். தேசமும் சாத்திரமும் பேசின. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி, பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து வெளியேறி விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட சிறுமியருக்காக 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தமை இவ்விடத்திற் குறிப்பிடற்குரியது. சீர்திருத்தத்தின் மொழி ஒரு சமூகம் முழுவதையும் இழிவின் உருவாக வருணித்தது என்னும் விமர்சனத்தில் உண்மையுண்டு. எனினும் படுக்கையும் உணவும் பள்ளிக்கூடமும் முதலிற் கிடைக்கவேண்டும் என்பதை அவ்வில்லம் எந்தக் கோட்பாட்டுக்கும் முன்பே அறிந்திருந்தது.

மேற்கில் நிலைமையை மாற்றியவை பெரும்பாலும் மருத்துவபீடங்கள் அல்ல. 1971 இல் நியூயோர்க் பெண்நிலைவாதிகளின் மாநாட்டில் சமூகப்பணியாளரான புளோரன்ஸ் ரஷ் இப்பொருளைப் பகிரங்கமாகப் பேசினார். அமெரிக்காவின் தராதரமான உளமருத்துவப் பாடநூல் 1975 இலும் குடும்பத்துள் நிகழும் தகாப்புணர்ச்சி பத்து இலட்சத்தில் ஒருவருக்கே நேர்வதென எழுதியிருந்தமையை யூடித் ஹேர்மன் எடுத்துக்காட்டினார். 1980 இல் அதிர்ச்சிக்குப் பிந்திய உளநோய் அமெரிக்க வகைப்பாட்டில் இடம்பெற்றதாயினும், அதற்கு உந்துவிசையாக இருந்தோர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர். ஒப்பென்ஹைமின் தொழிலாளருக்குக் கிட்டாதது படைவீரருக்குக் கிட்டியது. பிள்ளைகள் அந்த வாசலின் வழியே பின்னர் நுழைந்தனர். 1983 இல் ரோலண்ட் சமிற், பிள்ளைகள் காலந்தாழ்த்திச் சொல்வதும், முன்பின் முரணாகச் சொல்வதும், சொன்னதைப் பின்னர் மறுப்பதும் பொய்மையின் குறிகள் அல்லவென விளக்கினார். புறூவாதெல் பொய்யெனக் காட்டியவற்றையே அவர் துன்பத்தின் இலக்கணமாகப் படித்தார்.

அதேயாண்டு கலிபோர்னியாவில் தொடங்கி 1990 வரை நீண்ட மக்மாற்றின் பாலர்பாடசாலை வழக்கு எதிர்த்திசையில் ஒரு பாடத்தைத் தந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் விசாரணையாளர் வழிநடத்தும் வினாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, விரும்பிய விடைக்குப் பாராட்டும் அளித்தனர். ஒருவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. 1896 இன் வற்புறுத்தல் இங்கு மீண்டும் தோன்றியது. இவ்வழக்கைக் காட்டிப் பிள்ளைகளை நம்பலாகாதென வாதிட்டோர் பலர். மறுபுறம், திறந்த வினாக்களைக் கேட்டுப் பிள்ளையைத் தன் சொல்லிலேயே சொல்லவிடும் விசாரணை முறைகள் உருவாகியமையும் இதன் பின்னரே. 1985 இல் அலபாமாவின் ஹன்ற்ஸ்வில் நகரிலும், 1998 இல் ஐஸ்லாந்திலும், பொலிசார், மருத்துவர், உளவளத்துணையாளர் யாவரும் பிள்ளை இருக்கும் ஒரே வீட்டுக்கு வரும் ஏற்பாடு தோன்றியது. பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைந்து ஒரே கதையைச் சொல்லும் நிலையை மாற்றுவதே அதன் உள்ளடக்கம்.

பராமரிப்பு என்பது யாது? ஹேர்மன் 1992 இல் அதனை மூன்று கட்டங்களாக வகுத்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மனிதரோடு மீளிணைதல். முதலாவது இல்லாது இரண்டாவதற்குச் செல்லலாகாதென்பது இதன் சாரம். தாக்கியவன் அதே வீட்டில் இருக்க, பிள்ளையை அழைத்து நினைவுகூரச் சொல்வது சிகிச்சையன்று. துயிலில் அலறுவதும், படுக்கையை நனைப்பதும், ஒரே விளையாட்டை மகிழ்ச்சியின்றித் திரும்பத் திரும்ப ஆடுவதும், பள்ளியிற் பின்தங்குவதும் பிள்ளையின் பேச்சேயாகும். நிகழ்ந்ததைச் சிறுகச் சிறுகப் பாதுகாப்பான ஒருவரிடம் சொல்லும் முறைகள் பயனளிக்கின்றன. குற்றஞ் செய்யாத தாயோ தந்தையோ பாட்டியோ உடனிருப்பின் அவற்றின் பயன் கூடுகின்றது. பெரென்சி சுட்டிய இரண்டாவது மனிதர் இவரே.

இலங்கையின் சட்டவரலாறு இப்பின்னணியில் வாசிக்கத்தக்கது. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை சம்மத வயதை 12 என வகுத்தது; அது 112 ஆண்டுகள் நீடித்தது. 1939 இன் சிறுவர், இளம்பராயத்தினர் கட்டளைச்சட்டம் குற்றமிழைத்த பிள்ளையையும் குற்றமிழைக்கப்பட்ட பிள்ளையையும் ஒரே ஏற்பாட்டின்கீழ் வைத்தது. பாதுகாப்புத் தேவைப்பட்ட சிறுமியும் சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்பப்படலாயிற்று. அடைக்கப்படுவது தான் என்றால் தவறிழைத்ததும் தானே எனப் பிள்ளை முடிவுசெய்வது இயல்பு. 1977 இன் பொருளாதாரத் திறப்பின் பின் தென்மேற்குக் கடற்கரைகளில் உல்லாசப்பயணிகள் ஆண்பிள்ளைகளைச் சுரண்டியமை உலக அவதானத்தை ஈர்த்தது. அந்நிய மூலதனத்தின் கோரமுகமாக இதனை இடதுசாரிகள் கண்டித்தது சரியே. ஆயினும் அந்நியன் குற்றவாளியாகும்போது மட்டும் எழும் குரல், மாமனும் சிற்றப்பனும் ஆசிரியரும் குற்றவாளியாகும்போது தாழ்ந்துவிடுகின்றதெனின் அது பின்வாசற் கதையின் புதுவடிவமேயாகும்.

சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்புறுதி செய்தது. அதன் 39 ஆவது உறுப்புரை, சுரண்டலுக்குள்ளான பிள்ளையின் உடல், உள மீட்சியை அரசின் கடமையாக்குகின்றது. 1995 இன் 22 ஆம் இலக்கச் சட்டம் வயதை 16 ஆக உயர்த்திப் பாரதூரமான பாலியல் துர்ப்பிரயோகம், சிறுவர் மீதான பாலியற் சுரண்டல் என்னும் குற்றங்களைப் புதிதாக வகுத்தது. ஆனால் 12 வயதைக் கடந்த மனைவியை அவ்வயதெல்லையின் காப்பிலிருந்து விலக்கியது. புல்மணியின் வழக்கு நடந்து நூறாண்டு கடந்துவிட்டிருந்தது. 1998 இன் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றியது. சிறுவர்மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதல் தலைவரானார். 1999 இன் 32 ஆம் இலக்கச் சட்டம் பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சான்றாக ஏற்க வழிசெய்தது.

இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒளிப்பதிவுக் கருவியின் முன் அமரும் தமிழ்ப்பிள்ளை எந்தச் சொற்களால் பேசும் என்பதை எச்சட்டமும் கேட்கவில்லை. முறைப்பாடு பிள்ளை அறியாத மொழியில் எழுதப்பட்டுக் கையொப்பம் கேட்கப்படும் நிலை ஒருபுறம். மறுபுறம் நம் மொழியே தயார்நிலையில் இல்லை. உடலுறுப்புகளுக்கு வீட்டில் வழங்கும் சொல் வசை. பாடநூலில் உள்ள சொல் பிள்ளைக்குத் தெரியாது. செய்தித்தாள்கள் நெடுங்காலம் வழங்கிவந்த 'கற்பழிப்பு' என்னும் சொல் இழப்பைத் தாக்கப்பட்டவள் மீதே ஏற்றுகின்றது. ஆண்பிள்ளைக்கோ அதில் இடமே இல்லை. 'கெடுத்துவிட்டான்' என அயலார் கூறுமிடத்துக் கெட்டது பிள்ளை. 'வன்புணர்வு', 'துர்ப்பிரயோகம்' என்பன நாம் எழுதும் சொற்கள். ஏழுவயதுப் பிள்ளை அவற்றைச் சொல்லாது. அது பெரும்பாலும் 'அந்த மாமா விளையாட வரச்சொன்னவர்' என்றே தொடங்கும். அவ்விடத்தில் கேட்பவர் என்ன எழுதிக்கொள்கின்றார் என்பதிலிருந்தே அடுத்த ஆய்வு தொடங்கவேண்டும்.